அம்மி வழுக்கினால் கொத்துகிறோம், தரை வழுக்கினால்?

கேள்வி: குன்னூரில் சரிவில் கட்டிய பழைய வீடு எங்களுடையது. முன்பக்கம் 12 அடிக்கு 9 அடியில் திறந்த வராந்தா இருந்தது. சிவப்பு ஆக்சைடு போட்ட சிமென்ட் தரை. குளிரும் சாரலும் தாங்காமல் எட்டு வருடத்துக்கு முன்பு சுற்றிலும் கண்ணாடி வைத்து, மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடிவிட்டோம். காலை வெயிலுக்கு உட்கார அருமையான இடம். ஆனால் ஐப்பசி பிறந்துவிட்டால் தரை முழுக்க வேர்த்துக் கொட்டுகிறது. போன மழைக்காலத்தில் 74 வயதான என் மாமியார் இரண்டு முறை வழுக்கி விழுந்துவிட்டார். இரண்டாவது முறை மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஒருவர் எபாக்சி பெயின்ட் அடிக்கச் சொல்கிறார், ஒருவர் ஆசிட் ஊற்றிக் கழுவச் சொல்கிறார், இன்னொருவர் மேலேயே டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார். கொத்தனாரோ மொத்தத் தரையையும் உடைக்க வேண்டும் என்கிறார். நான் தினமும் துடைத்து, மாதம் ஒருமுறை சிவப்பு மெழுகு பாலிஷ் போட்டுச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் துணி காய்வதும் அங்கேதான், பூந்தொட்டிகள் இருப்பதும் அங்கேதான். இப்போதைக்கு வாசலில் கோணி விரித்திருக்கிறோம். எதைச் செய்வது?
— வாசகி, குன்னூர்

பதில்:

முதலில் அந்தக் கோணியை எடுத்துவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

மெழுகு போட்ட வழவழப்பான தரையில், அடியில் ஈரத்தோடு கிடக்கும் கோணி ஒரு சறுக்குப் பலகை. மேலே கால் நன்றாகப் பிடிக்கும், அதுதான் ஆபத்து. பிடிப்பு இருக்கிறது என்று நம்பி முழுப் பாரத்தையும் வைப்போம், கோணி காலோடு சேர்ந்து நகரும். தரை ஈரம் என்று தெரிந்தால் வயதானவர்கள் பாதத்தைப் பார்த்துப் பார்த்து வைப்பார்கள். கோணியைக் கண்டால் அந்த எச்சரிக்கை போய்விடும். கால் துடைக்க ஏதாவது வேண்டுமென்றால், இடியாப்பம் போலச் சுருள் சுருளாக இருக்கும் பிவிசி மிதியடியை வாங்கி, வாசலுக்கு வெளியே போடுங்கள். உள்ளே வேண்டாம். அடியில் முழு ரப்பர் ஒட்டிய மிதியடியும் வேண்டாம், அதன் கீழே ஈரம் அடைபட்டுப் பாசி வளரும்.

உங்களுக்கு நான்கு பேர் நான்கு யோசனை சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. வழுக்குவதற்கு இரண்டு பேர் சேர வேண்டும்: வழவழப்பு ஒன்று, ஈரம் இன்னொன்று. வழவழப்பைக் கண்ணால் பார்த்துவிடலாம். ஈரம் எந்த வழியாக வந்தது என்று பார்த்தால் தெரியாது, சோதித்தால்தான் தெரியும். அது தெரியாமல் மேலே எதைப் பூசினாலும், ஒட்டினாலும், அடுத்த ஐப்பசியில் நீங்கள் எனக்கு இன்னொரு கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டில் ஈரம் மூன்று வழியில் வரலாம். கூரை ஷீட்டில் திரண்டு சொட்டலாம். காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த தரையில் படியலாம். மண்ணிலிருந்து சிமென்ட் வழியாக மேலே ஊறலாம். 'வேர்த்துக் கொட்டுகிறது' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வார்த்தை இரண்டாவது வழியைத்தான் காட்டுகிறது. திறந்த வராந்தாவாக இருந்த காலத்தில் இதே தரை, இதே மழை. அப்போது வழுக்கியதாக நீங்கள் எழுதவில்லை. காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும். மூடிய பிறகுதான் தொல்லை என்றால், முதல் சந்தேகம் உள்ளே அடைபட்ட காற்றின் மேல்தான்.

நடப்பது இதுதான். ராத்திரிக் குளிரில் தரை நன்றாகச் சில்லிட்டுப் போகிறது, 16 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். காலையில் வெயில் கண்ணாடி வழியாக இறங்கியதும் உள்ளே காற்று மளமளவென்று சூடாகிறது. கொடியில் கிடக்கும் துணியும் தொட்டி மண்ணும் ஆவியை விட ஆரம்பிக்கின்றன. காற்று 24 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால், அந்தக் காற்று 18 டிகிரிக்குக் கீழே உள்ள எதைத் தொட்டாலும் அங்கே தண்ணீரை விட்டுவிடும். தரை மண்ணோடு ஒட்டிக் கிடப்பதால் காற்றைப் போலச் சட்டென்று சூடாகாது. ஆகவே பிரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டிலுக்கு நேர்வதுதான் அதற்கும் நேர்கிறது. வெயில் நேரே விழும் இடம் காய்ந்துவிடும், சுவரோரமும் நாற்காலியின் அடியும் ஈரமாகவே இருக்கும். உங்கள் மாமியார் விழுந்தது காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், நிழல் விழும் பக்கமாக இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஒரு சின்னக் கணக்கு. உங்கள் அறை 9 அடி உயரம் என்று வைத்தால் உள்ளே இருக்கும் காற்று சுமார் 27 கன மீட்டர். 20 டிகிரியில் அவ்வளவு காற்றும் சேர்ந்து தாங்கக்கூடிய நீராவி அரை லிட்டருக்கும் குறைவு. பிழிந்து உதறிய பிறகும் ஒரு பெரிய வாளித் துணியில் இரண்டு லிட்டர் தண்ணீராவது இருக்கும். மீதி எங்கே போகும்? கண்ணாடியில், ஷீட்டில், தரையில்.

அதற்காகச் சந்தேகத்தை வைத்தே முடிவுகட்டக் கூடாது. உங்களுடையது சரிவில் உள்ள வீடு, மேட்டுப் பக்கத்து மண் மழைக்காலம் முழுக்க ஊறிக் கிடக்கும். பழைய வராந்தாக்களில் தரைக்கு அடியில் பாலித்தீன் விரிக்கும் வழக்கம் கிடையாது, மண்ணைக் கெட்டித்து, கல் பரப்பி, அதன்மேல் கான்கிரீட் போட்டிருப்பார்கள். எனவே கீழிருந்து ஊறுவதும் நடக்கக்கூடியதே. பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை இருக்கிறது, பெரிய செலவில்லை.

ஒன்றரை அடிச் சதுரத்துக்கு, கண்ணாடி போலத் தெரியும் தடித்த பாலித்தீன் தாள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் நேரே விழாத இடமாகப் பார்த்து, அந்த இடத்து மெழுகை எடுத்துவிட்டு, நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, தாளை விரித்து நான்கு பக்கமும் இடைவெளி இல்லாமல் அகலமான டேப்பால் ஒட்டிவிடுங்கள். குறைந்தது 16 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது முறை. நான் இரண்டு ராத்திரி விடச் சொல்வேன். பிறகு காலையில் பாருங்கள். தாளின் மேல்பக்கம் மட்டும் நனைந்து, அடிப்பக்கம் காய்ந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. அடிப்பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தாலோ, தாள் மூடிய இடத்தில் தரை மட்டும் கறுத்திருந்தாலோ ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. இரண்டு பக்கமும் ஈரம் என்றால் இரண்டும்தான். மேட்டுப் பக்கச் சுவரோரம் ஒன்று, நடுவில் ஒன்று, வெளிவாசல் பக்கம் ஒன்று என மூன்று இடத்தில் ஒட்டினால் நல்லது. சுவரோரத் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள், அதுவும் மண் ஈரத்தின் கையெழுத்துத்தான்.

சோதனையை மழைக்காலத்தில் செய்யுங்கள். இதை அடித்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மலை வீட்டில் மாசி மாதம் இந்தத் தாளை ஒட்டிப் பார்த்து, 'சுத்தமாகக் காய்ந்திருக்கிறது' என்று சொல்லிப் பெயின்ட் அடிக்க வைத்தேன். கார்த்திகையில் போய்ப் பார்த்தால் தரை முழுக்க அப்பளம் பொரித்த மாதிரி கொப்புளம். வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை, காபி கொடுத்தார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

சரி, அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சோதனை எதைக் காட்டினாலும் செய்தாக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் மாதாமாதம் போடும் அந்த மெழுகு பாலிஷை நிறுத்த வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தரையில் விட்டுப் பாருங்கள். தாமரை இலையில் போல உருண்டு நின்றால் மேலே மெழுகுப் படலம் இருக்கிறது. மெல்லப் பரவி அந்த இடம் கறுத்தால் சிமென்ட் திறந்திருக்கிறது. எட்டு வருடத்து மெழுகு உங்கள் தரையில் படலமாகவே உட்கார்ந்திருக்கும். திறந்த சிமென்ட், படியும் ஈரத்தில் கொஞ்சத்தையாவது உறிஞ்சிக்கொள்ளும். மெழுகுத் தரையில் அவ்வளவும் மேலேயே நிற்கும். போதாததற்கு, ஆக்சைடு தரை போடும்போதே கொத்தனார் சிமென்ட் பால் ஊற்றி, கரண்டியால் கண்ணாடி மாதிரி இழைத்துவிட்டுப் போயிருப்பார். அதன்மேல் மெழுகும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மெழுகை எடுக்க, டர்பென்டைன் தொட்ட பழைய துணியால் இரண்டு அடி, இரண்டு அடியாகத் தேய்த்துத் துணியை மாற்றிக்கொண்டே வாருங்கள். எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் வெளியே விரித்துக் காயப்போடுங்கள். அப்புறம் வெந்நீரில் சலவை சோடா கரைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசிவிடுங்கள். அலசிய தண்ணீரை வைப்பரால் வழித்துத் தள்ளி, காய்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய வேட்டியைப் போல இதற்கு வேறு துணி கிடையாது. தினமும் வாசனைத் திரவம் கலந்து மாப் போடுவீர்கள் என்றால், அதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் அந்தத் திரவமே ஒரு வழுக்கல் படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

சுவரோரம் பச்சையாகவோ கறுப்பாகவோ பாசி இருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவுங்கள். அன்றைக்குக் கழிவறை ஆசிட் எதையும் அதன் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கண்ணாடி அறையில் அது விளையாட்டில்லை.

இப்போது காற்று. துணிக்கொடியை அங்கிருந்து மாற்ற வழி இருக்கிறதா? மழைக்காலத்து ஊட்டி, குன்னூரில் இதைச் சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று எனக்கும் தெரியும். மாற்றவே முடியாது என்றால், கொடியை வெளிப்பக்க ஜன்னலை ஒட்டிக் கட்டி, அதற்கு மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். எதிர்ச்சுவரில் தரையை ஒட்டி ஒரு காற்றுத் துவாரம் வேண்டும், காற்று உள்ளே வர வழி இல்லாமல் ஃபேன் மட்டும் சுற்றினால் பயன் இல்லை. பூந்தொட்டிகளுக்குச் சாயங்காலம் தண்ணீர் விடாதீர்கள், காலையில் ஜன்னல் திறக்கும் நேரத்தில் விடுங்கள். தொட்டிகளை ஒரு கம்பி ஸ்டாண்டில் ஏற்றினால் அடியில் நிற்கும் நீரும் கண்ணில் படும்.

ஜன்னலை எப்போது திறப்பது என்பதில் பலரும் தப்புச் செய்கிறார்கள். வெளியே பனிமூட்டம் இறங்கி நிற்கும்போது திறந்து வைத்தால், ஊரிலுள்ள ஈரத்தை வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறோம். மூட்டம் விலகி வெயிலோ காற்றோ வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களை அகலத் திறந்து ஒரு மணி நேரம் விடுங்கள். ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கலாமா என்று யாராவது கேட்டால், கம்ப்ரஸர் உள்ள வகை 15 டிகிரிக்குக் கீழே சுறுசுறுப்பை இழந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். உங்கள் ஊர் ராத்திரிகளுக்கு அது சரிவராது. கூரை ஷீட் ஒற்றைத் தாளாக இருந்தால் அதன் அடியிலும் நீர் திரண்டு சொட்டும், அடுத்த முறை மாற்றும்போது உள்ளே அறை அறையாக இருக்கும் இரட்டைச் சுவர் ஷீட்டாகப் பார்த்துப் போடுங்கள்.

சோதனையில் அடிப்பக்கம் நனைந்திருந்தால் வேலை வீட்டுக்கு வெளியே. மேட்டுப் பக்கம் போய் மழையில் ஒரு குடையோடு நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, வெளி மண் வராந்தாத் தரையைவிட உயரமாக இருக்கிறதா, வாய்க்கால் சருகு அடைத்துக் கிடக்கிறதா, தாங்குசுவரின் நீர்த்துளைகளில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். மழையில் துளைகள் காய்ந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டாம், அடைத்திருக்கும், அந்தத் தண்ணீர் வேறு வழி தேடி உங்கள் தரைக்கு அடியில்தான் வரும். மண்ணைத் தரை மட்டத்துக்கு அரை அடி கீழே இறக்கி, ஜல்லி நிரப்பிய ஒரு ஓடையை மேட்டுப் பக்கம் ஓட்டிவிட்டால், தரையைத் தொடாமலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவுக்குப் பிறகும் குன்னூரில் சில நாள் தரை நனையத்தான் செய்யும். அதற்குத்தான் வழவழப்பைக் கவனிக்க வேண்டும். அம்மி தேய்ந்து வழுவழுவென்று ஆகி மிளகாய் நழுவ ஆரம்பித்தால் என்ன செய்வோம்? அம்மியை மாற்ற மாட்டோம், மேலே எதையும் பூசவும் மாட்டோம். கொத்துகிறவரைக் கூப்பிட்டு உளியால் பொளிந்து தரச் சொல்வோம். பழைய கோயில் பிரகாரங்களில் மழையிலும் வெறுங்காலோடு நடக்க முடிந்ததும் பொளிந்த கல்லினால்தான். பளபள கிரானைட் போட்ட இடங்களில் நம் நடையே மாறிப்போவதைக் கவனித்திருப்பீர்கள். உங்கள் தரைக்கும் வேண்டியது இதே வைத்தியம், ஆனால் உளி தேவையில்லை. வெறும் தண்ணீர் மட்டும் நிற்கும் இடத்தில், அந்தப் படலத்தைத் தாண்டிக் காலைப் பிடிக்க 20 மைக்ரான் அளவு மேடு பள்ளம் இருந்தால் போதும் என்பது பிரிட்டனில் தொழிலிடப் பாதுகாப்புக்குப் பின்பற்றும் அளவு. தலைமுடியின் தடிமனில் பாதிகூட வராது அது. சோப்பும் எண்ணெயும் படிந்தால் இது போதாது, அதனால்தான் சுத்தத்தைப் பற்றி அவ்வளவு சொன்னேன்.

மொசைக் தரை தேய்ப்பவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் 60-ஆம் நம்பர் கல்லில் தொடங்கி, 120, 320 என்று போய்ப் பளபளப்பு ஏற்றுவார்கள். நம்பர் ஏற ஏற வழவழப்பு. '60-ஆம் கல்லோடு நிறுத்துங்கள்' என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லுங்கள். பழக்கதோஷத்தில் அடுத்த கல்லை மாட்டிவிடுவார்கள், 'இப்படிச் சொரசொரவென்று விடுவதா' என்று வருத்தப்படவும் செய்வார்கள். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும், சிமென்ட் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஆக்சைடு கலந்த சிவப்பு அடுக்கு சில மில்லிமீட்டர்தான் இருக்கும், ஒரே இடத்தில் ஆழமாகப் போனால் கீழே உள்ள சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். முதலில் நாற்காலிக்கு அடியில், கண்ணில் படாத மூலையில் இரண்டு அடி தேய்த்துப் பாருங்கள். அதில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, கெட்டியான எதையாவது பிடித்துக்கொண்டு, வீட்டில் இளையவர் யாராவது வெறுங்காலால் அழுத்தித் தள்ளிப் பார்க்கட்டும். பக்கத்தில் தேய்க்காத இடத்திலும் அப்படியே. வித்தியாசம் காலுக்கே தெரிந்துவிடும்.

108 சதுர அடியையும் தேய்க்க வேண்டியதில்லை. வீட்டு வாசலிலிருந்து வெளிவாசல் வரை மூன்றடி அகலத்துக்கு ஒரு பாதை, நாற்காலி போடும் இடத்தைச் சுற்றி ஒரு பட்டை, அவ்வளவு போதும். பாதையின் நிறம் மங்கும். அதுவும் நல்லதுதான், எங்கே கால் வைக்கலாம் என்று வயதானவர்களுக்குப் பார்த்ததும் தெரியும். தேய்த்த இடத்தில் மறுபடி மெழுகோ, தேங்காயெண்ணெயோ போட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

இனி அந்த நான்கு யோசனைகள். ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சிமென்ட்டை அரித்துச் சொரசொரப்பாக்கும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு அரிக்கும் என்பது நம் கையில் இல்லை, சிவப்பு நிறம் திட்டுத் திட்டாகப் போகும், ஜன்னல் இரும்பும் அலுமினியமும் புகையில் கெடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஆசிட்டும் சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பும் சேர்ந்து கால்சியம் குளோரைடு உண்டாகிறது. காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் உப்பு அது, அலமாரியில் ஈரம் உறிஞ்சத் தொங்கவிடும் பைகளில் இருப்பதும் அதுதான். சரியாக அலசாமல் விட்டால் தரை முன்பைவிட அதிகமாக வேர்க்கும். 'வழுக்காமல் செய்யும் திரவம்' என்று விற்பவற்றில் சிலவற்றில் ஃபுளோரைடு அமிலம் கலந்திருக்கும். அவை பீங்கான் டைல்ஸுக்கானவை, தோலில் பட்டால் ஆழமாகப் புண்ணாக்கும்.

எபாக்சி உங்கள் அறைக்கு இரண்டு வகையில் பொருந்தாது. வெயில் படும் இடத்தில் மஞ்சளாகி மாவு மாவாக உதிரும். கீழிருந்து ஈரம் வந்தால் ஏற்கெனவே சொன்ன அப்பளம்தான். அதோடு, வெறும் எபாக்சியும் நனைந்தால் வழுக்கும், ரவை அளவு குவார்ட்ஸ் மணலைத் தூவி அடித்தால்தான் பிடிப்பு வரும். தாள் சோதனையில் அடிப்பக்கம் எலும்பாகக் காய்ந்திருந்து, பெயின்ட்தான் வேண்டும் என்று தோன்றினால், வெயிலைத் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் வகையை மணலோடு அடிக்கச் சொல்லுங்கள். கான்கிரீட்டின் ஈரம் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அடிக்கும் நேரத்தில் தரையின் வெப்பம் பனிப்படியும் நிலையைவிட, அதாவது காற்று தண்ணீரை விட ஆரம்பிக்கும் வெப்பத்தைவிட, 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அதற்கு மாசி, பங்குனியை விட்டால் நாளில்லை.

டைல்ஸ் மோசமான யோசனை இல்லை. கொஞ்சம் ஈரம் ஊறினாலும் டைல்ஸ் தாங்கும். கடையில் ஆர் 9, ஆர் 10, ஆர் 11 என்று காட்டுவார்கள், எண் கூடினால் பிடிப்பு கூடும். ஆனால் அந்த எண் எண்ணெய் ஊற்றிய சரிவில் பூட்ஸ் போட்டு நடந்து பார்த்துக் கொடுத்தது. வெறுங்காலுக்கு ஜெர்மனியில் ஏ, பி, சி என்று தனி வகுப்பு உண்டு, சோப்புத் தண்ணீரில் வெறுங்காலால் நடந்து பார்த்துக் கொடுப்பது. நாம் வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கிறவர்கள், ஆகவே 'பி' யா என்று கேளுங்கள். சின்ன டைல்ஸாக வாங்கினால் இடைக்கோடுகள் அதிகம், பிடிப்பும் அதிகம். பழைய தரையைக் கொத்திவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். தரை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரும். கதவு இடிக்கும் என்பது ஒரு தொல்லை, வாசலில் புதிதாக ஒரு சின்ன விளிம்பு முளைக்கும் என்பது பெரிய தொல்லை. வழுக்கல் போய்த் தடுக்கல் வந்துவிடும். அங்கே ஒரு சரிவு கொடுத்து முடிக்கச் சொல்லுங்கள்.

உடைப்பது கடைசி. வெளியே வாய்க்கால் வேலை முடிந்து, ஒரு மழைக்காலம் பார்த்து, அப்போதும் தாளின் அடிப்பக்கம் நனைந்தால் மட்டும். அப்படி உடைத்தால் 250 மைக்ரான் பாலித்தீனை, மூட்டுகளை ஒரு அடி ஏற்றி, சுவரோரம் மடித்து விரித்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். மேற்பரப்பு இறுகும் முன் துடைப்பத்தால் ஒரே திசையில் கோடிழுத்து விடச் சொல்லுங்கள். வெளிவாசலை நோக்கி நூறு அடிக்கு ஓரடி என்ற வாட்டம் இருக்கட்டும், 12 அடிக்கு ஒன்றரை அங்குலம் வரும்.

உங்கள் மாமியாருக்கு இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு. பாதையை ஒட்டிய சுவரில், அவர் நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில், வாசலிலிருந்து நாற்காலி வரை ஒரு பிடிகம்பி. ஜன்னல் சட்டத்தில் திருகக் கூடாது, சுவரில் துளையிட்டு ஆங்கர் போல்ட் போட்டு மாட்ட வேண்டும். அப்புறம் அவருடைய ரப்பர் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். அடியில் வரிகள் தேய்ந்து மொட்டையாக இருந்தால் இன்றே மாற்றுங்கள். தரை ஈரமாக இருக்கும் நாட்களில் காலை பத்து மணிக்கு மேல், நீங்கள் ஒருமுறை துடைத்த பிறகு அவர் வரட்டும்.

இந்த வாரம் மெழுகை எடுங்கள். ஐப்பசி அடைமழையில் தாளை ஒட்டுங்கள். தேய்ப்பு வேலையை மழைவிட்ட ஒரு வாரமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தாளின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தாளில் எந்தப் பக்கம் நனைந்தது, மூன்று இடத்திலும் ஒரே மாதிரியா என்று எழுதுங்கள். மேட்டுப் பக்க வாய்க்காலை மழையில் எடுத்த ஒரு படமும் அனுப்பினால், உடைக்க வேண்டுமா என்ற உங்கள் கொத்தனாரின் கேள்விக்கு அப்போது பதில் சொல்கிறேன்.